மரத்தில் கட்டிப்போட்ட மாப்பிள்ளை

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் ஒரு வேட்டைக்காரன் தன் மனைவியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவான், மானுக்காக எந்த மரத்தில் ஏறி உட்காரப் போகிறான் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். கல்யாணத்துக்கு முந்தைய காதலைச் சொல்லுவான். பால் பண்ணை நஷ்டத்தில் ஓடுவதைச் சொல்லுவான். மரம் மட்டும் மூச். ஏனென்றால் மனைவிக்கு ஒரு அண்ணன் இருப்பான், அந்த அண்ணனிடமும் ஒரு வில் இருக்கும்.

என் மனைவி ஆர்லிஸுக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். வென்டல் என்று பெயர். வாய் ஓயாதவன். அடுத்தவன் பரண் கட்டிய மரத்துக்கு நேர் எதிரே போய்த் தன் பரணைக் கட்டிவிட்டு, "அட, நீயும் இங்கதானா மாப்ளே?" என்று முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வான். அவனுக்குப் பயந்தே போன வருஷம் நான் ஓடைக்கு மேலே இருக்கிற ஓக் மரத்தைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஏணியின் கடைசிப் படியிலிருந்து பரணில் கால் வைக்கும்போது படி வழுக்கியது, விழுந்தேன். கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் போயின. மதியத்துக்கு நான் வரவில்லை என்றதும் ஆர்லிஸ் தேடக் கிளம்பினாள், ஆனால் எங்கே என்று தேடுவாள் பாவம். பொழுது சாயும் நேரத்தில்தான் கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் மாறியது.

"ரெண்டே விஷயம்," என்றாள் ஆர்லிஸ். நான் கட்டிலில் அசையமுடியாமல் கிடந்த சமயம் பார்த்துச் சொன்னாள். "தரைலருந்து கால் எடுக்கும்போதே கயித்துல மாட்டிக்கணும். திரும்பத் தரைல கால் வைக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது. அப்புறம், எந்த மரம்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

"மொதல் விஷயம் சரி," என்றேன். "ரெண்டாவது கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசி. ஒரே ஒரு தடவ கழட்டினேன்னு தெரிஞ்சாலும் பரண், ஏணி எல்லாத்தையும் வென்டலுக்குக் குடுத்துடுவேன். நீ சோளக்காட்டு ஓரத்துல பெட்டிக் குடிசைக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்துக்க."

"நான் காட்டுக்குள்ள கழட்டினா உனக்கு எப்படித் தெரியும்?"

"கேப்பேன். பொய் சொன்னா உன் காது செவக்கும்."

அது உண்மைதான். என் காதுகள் எனக்கு விசுவாசமாக இருந்ததே இல்லை. பெட்டிக் குடிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மானுக்காகக் காத்திருக்கத் தரையில் பலகையால் அடித்த மறைவிடம் அது, நல்ல ஏற்பாடுதான், உள்ளே அடுப்புகூட வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அதில் உட்காருகிறவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள், அல்லது மூட்டு மாற்றியவர்கள். நான் பதினாலு வயதிலிருந்து மரத்தில் உட்காருகிறவன். காலையில் காடு விழித்துக்கொள்வதை மேலேயிருந்து பார்ப்பது எனக்குச் சாப்பாட்டைவிட முக்கியம். அதைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது மாடுகளும் முதுகு வலியும்தான். ஆகவே சரி என்றேன்.

வசந்தத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே தடித்த கயிறு, தோளுக்கும் தொடைக்கும் சேர்த்துப் போடும் வார்ப்பட்டை, கைப்பிடி அளவில் ஒரு இரும்புச் சாமான். அதற்குக் கவ்வி என்று பெயர் வைத்தேன். கயிற்றை மரத்தின் உச்சியில் கட்டித் தரைவரை தொங்கவிட வேண்டும். கயிற்றில் கவ்வியை மாட்டி, கவ்வியோடு நம்மை ஒரு கொக்கியால் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே தள்ளினால் கவ்வி சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போகும். கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் பல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பன் இழுத்தாலும் விடாது. கீழே இறக்க வேண்டுமென்றால் பளுவை எடுத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் சின்ன நெம்பியை அழுத்த வேண்டும்.

ஆர்லிஸ் குறிப்புத் தாளை எழுத்தெழுத்தாகப் படித்தாள். நான் படிக்கவில்லை. இரும்புச் சாமானுக்குக் குறிப்புத் தாள் படிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

பயிற்சி எங்கள் வீட்டு முன்வாசல் மேப்பிள் மரத்தில் நடந்தது. பின்வாசலில் இதைவிட நல்ல மரம் இருக்கிறது, ஆனால் அவளுக்கு முன்வாசல்தான் வேண்டுமாம். அடியில் பழைய மெத்தையைப் போட்டாள். நான் ஆள் உயரம் ஏறி, "பாரு, எப்படிப் பிடிக்குதுன்னு," என்று சொல்லி ஏணியிலிருந்து காலை எடுத்தேன். கவ்வியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்பது மெத்தையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பால் லாரி போயிற்று. ஓட்டுநர் ஹாரன் அடித்து, தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. உள்ளே போய் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, கவ்வியின்மேல் வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய அம்புக்குறி வரைந்தாள்.

"இது எதுக்கு?"

"மேல எது, கீழ எதுன்னு உனக்குத் தெரியணும்ல."

இரண்டாவது தடவை சரியாக மாட்டினேன். காலை எடுத்தேன், கவ்வி பிடித்தது. அந்தரத்தில் தொங்கினேன், பத்திரமாக. கீழே வர முடியவில்லை. உடம்பின் பளு கவ்வியில் இருக்கும்வரை நெம்பி அசையாது என்ற விஷயமும் அந்தத் தாளில்தான் இருந்ததாம். ஏணியைக் காலால் துழாவினேன், ஆர்லிஸ் அதைத் தள்ளி வைத்திருந்தாள். "உனக்குள்ள எறங்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டாள். நான் சுற்றிச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. தேவாலயம் விட்டு வந்த கார்கள் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்தன. வென்டல் வண்டியை நிறுத்தியே விட்டான்.

"மாப்ளே, பழுத்துட்டியா, இல்ல இன்னும் காயா?"

"போடா மச்சான்."

"இல்ல, பழுத்தா நானே பறிச்சிக்கலாம்னு பாத்தேன்."

அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் 'மரத்தில் கட்டிப்போட்ட மாப்பிள்ளை'. மாட்டுத் தீவனக் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கோடை முழுவதும் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டவும் கழற்றவும் பழகினேன். கொக்கி இரும்பில் இடித்துச் சத்தம் வரக்கூடாது என்று அதைச் சுற்றித் துணிநாடா ஒட்டினேன். கவ்வியின் பல்லுக்கும் நெம்பிக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். எண்ணெய் போடலாம் என்றேன். கயிற்றைப் பிடிக்கிற பல்லில் எண்ணெய் போடுகிற புத்திசாலியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் ஆர்லிஸ்.

நவம்பர் பிறந்தது. ஆண் மான்கள் புத்தி பேதலித்துப் பெண் மான்களின் பின்னால் அலையும் காலம். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு கிழட்டு ஆண் மான் உண்டு, மேயர் என்போம். தேர்தல் சமயத்தில் மட்டும் தலையைக் காட்டிவிட்டு அப்புறம் வருஷம் முழுக்கக் கண்ணில் படாது என்பதால் அந்தப் பெயர். அதன் கொம்பு, காய்ந்த ஆப்பிள் மரக் கிளை மாதிரி விரிந்திருக்கும். வென்டல் அதைப் பார்த்திருக்கிறான். நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் எங்கே என்று சொன்னதில்லை.

எங்கள் வேட்டையின் முதல் நாள் காலையில் சமையலறையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றேன். ஆர்லிஸ் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"எந்த மரம்?"

"வென்டல் கேட்டா?"

"கேட்டான். நேத்து பூசணிப் பலகாரம் கொண்டுவந்து குடுத்துட்டுக் கேட்டான்."

"பலகாரத்தச் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். எனக்கே தெரியாதுன்னேன். இப்ப சொல்லு."

முப்பது வருஷக் கல்யாணத்தில் இவ்வளவு அந்தரங்கமான ஒன்றை நான் அவளிடம் சொன்னதில்லை. குனிந்து காதில் சொன்னேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், இருந்தாலும் காதில்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அதே ஓக் மரம்தான். போன வருஷம் விழுந்த மரத்தை விட்டுவிட்டால் அப்புறம் எந்த மரத்திலும் ஏற மாட்டேன் என்று எனக்குள் ஒரு பயம். தரையில் நின்றே கவ்வியை மாட்டினேன், சிவப்பு அம்புக்குறி வானத்தைப் பார்க்க. ஒரு படி ஏறுவது, கவ்வியை மேலே தள்ளுவது, இன்னொரு படி. கடைசிப் படி வந்தது. கவ்வியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. பரணில் கால் வைத்தேன். உட்கார்ந்து, கீழே வேறொரு கயிற்றில் கட்டி வைத்திருந்த வில்லைத் தூக்கிக்கொண்டு, கவ்வியைத் தலைக்கு மேலே தள்ளி வைத்தேன். நன்றாக விடிந்தது. ஓடைமேல் பனிமூட்டம். ஒரு அணில் என்னைப் பார்த்து நீளமாகத் திட்டிவிட்டுப் போயிற்று. சந்தோஷமாக இருந்தேன்.

மேயர் வந்தது. ஆனால் நான் பரணை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருந்தேனோ அந்த ஓடைப் பக்கம் வரவில்லை. எனக்கு முதுகுப் பக்கமாக, வலது கைப்புறமாக, எவனுடைய தோட்டத்திலோ உலாத்துகிற மாதிரி வந்தது. மெல்ல எழுந்து நின்றேன். அதன் மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. இருபது தப்படிகூட இருக்காது. வில்லை இழுக்க அடிமரத்தைச் சுற்றிக் கொஞ்சம் சாய வேண்டும். சாய்ந்தேன். ஒரு சாண் பாக்கி இருக்கும்போதே கயிறு என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஒரு சாண்தான். கவ்வியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அந்த ஒரு சாண் கிடைக்கும். இறக்கினால் 'டக்'. பனி உறைந்த அந்த அமைதியில் அந்த 'டக்' அடுத்த மாவட்டத்துக்கே கேட்கும். இன்னொரு வழியும் இருந்தது. கொக்கி என் காதுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது, நாடா சுற்றிய, சத்தமே வராத கொக்கி. கழற்றினால் ஒரு எட்டு, ஒரு இழுப்பு, ஒரு அம்பு. மறுபடி மாட்டிக்கொண்டால் போயிற்று. பார்க்க யாரும் இல்லை, காதை வேண்டுமானால் மதியம் தொப்பிக்குள் இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

கை கொக்கிக்குப் போய்விட்டது. கட்டைவிரல் அதன் பூட்டைத் திருப்பியும் விட்டது. பொய் சொல்லி என்ன பயன்.

அப்போது என் தலைக்குள் வந்தது பரணும் இல்லை, பெட்டிக் குடிசையும் இல்லை. போன வருஷம் இதே மரத்தடியில் கிடந்தபோது ஆர்லிஸ் கூப்பிட்டது கேட்டது. டெல்மர், டெல்மர் என்று என் பெயரைச் சொல்லி எதிர் மேட்டில் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விலா எலும்பு குத்தி மூச்சே வரவில்லை. குரல் கிட்டே வந்தது, பிறகு நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தள்ளித் தள்ளிப் போய்விட்டது. என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் கேட்டதில்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பூட்டைத் திருப்பி மூடினேன். நிமிர்ந்து, பளுவை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நெம்பியை என்னால் முடிந்த அளவு மெதுவாக அழுத்தினேன்.

'டக்.'

மேயர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. பிரசங்கத்தின் நடுவே இருமியவனைப் பாதிரியார் பார்க்கிற பார்வை. பிறகு வெள்ளை வாலைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு, வேலியைத் தாண்டி, பள்ளத்தாக்கைத் தாண்டி, அடுத்த தேர்தலுக்குப் போய்விட்டது. நான் என்னைக் கட்டிய மரத்தையும், மரத்தைக் கண்டுபிடித்தவனையும், கயிற்றைத் திரித்தவனையும் மனசாரத் திட்டினேன். நெற்றியை மரப்பட்டையில் முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மதியச் சாப்பாடு வென்டலின் கார் கொட்டகையில். முதல் நாள் என்றால் எல்லோரும் அங்கேதான் கூடுவோம். மான்கறித் தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, பிராந்தி. ஆர்லிஸ் உருளைக்கிழங்குப் பதார்த்தம் செய்து கொண்டுவந்து மேசையில் தொத்திறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையின் ஒரு சுவர் முழுக்கச் சட்டை வால்கள் அறைந்திருக்கும். அம்பு விட்டு மானைத் தவறவிட்டவனுடைய சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயர் எழுதி, சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். வென்டலுடையது மட்டும் அங்கே ஒரு முழுச் சட்டைக்குத் தேறும்.

நான் உள்ளே நுழைந்ததும் வென்டல் என் முகத்தைப் பார்த்தான்.

"மேயரப் பாத்திருக்கான்யா இவன். மூஞ்சியப் பாருங்க, பொண்ணு பாத்துட்டு வேண்டாம்னு சொன்ன வீட்டுலருந்து வர்ற மாதிரி."

"வந்துது," என்றேன். "போயிடுச்சு."

வென்டல் அதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான். ஓய்வு பெற்ற பாலாடைக்கட்டிக்காரர் ஒட்டோதான் இந்த மாதிரி விவகாரங்களில் எங்களுக்கு நீதிபதி. அவர் வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"அம்பு நாண விட்டுப் போச்சா?"

"போகல."

"அப்ப வெட்ட முடியாது. வழக்கம் வழக்கம்தான்."

"அது எப்படிங்க ஒட்டோ?" என்றான் வென்டல். "இருபது தப்படில மேயர் நிக்கிது, இவன் அம்பே விடல. தவறவிட்டவனுக்கே சட்ட போகுதுன்னா இவனுக்குக் கால்சட்டையே போகணும். எதுக்குடா விடல?"

சொன்னேன். கயிறு, ஒரு சாண், டக். சொல்லி முடிக்கவில்லை, ஒருவன் பிராந்தியை மூக்கு வழியாக விட்டான்.

"கட்டிப்போட்ட மாப்ள," என்று வென்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏன்டா, கொக்கியக் கழட்டிருக்கலாம்ல? ஒரு நிமிஷ வேல. அங்க யாரு பாக்கப் போறா?"

மேசையில் கத்தி நின்றது. ஆர்லிஸ் திரும்பவில்லை, ஆனால் கத்தி நின்றது.

"கை வச்சேன்," என்றேன். "பூட்டக்கூடத் திருப்பிட்டேன்."

"அப்புறம்?"

"கழட்டல."

"ஏன்?"

கொட்டகையில் இத்தனை பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது. ஆனால் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"போன வருஷம் இவ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே தப்பான மேட்டுல போனா. எனக்குக் கேட்டுது. பதில் சொல்ல முடியல. இன்னொரு தடவ அதக் கேக்க என்னால ஆகாது."

ஆர்லிஸ் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தொப்பியைக் கழற்றினாள். இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் கையை நீட்டினாள்.

"கத்தரியக் குடு."

"ஆர்லிஸ், வழக்கப்படி வெட்டக் கூடாதும்மா," என்றார் ஒட்டோ.

"வழக்கம் உங்களுது. சட்ட நான் வாங்கிக் குடுத்தது. திரும்பு டெல்மர்."

திரும்பினேன். நறுக் நறுக் என்று வெட்டினாள், அவசரப்படாமல், நேராக. வென்டல் உற்சாகமாக ஆணியும் சுத்தியலுமாகச் சுவருக்குப் போனான். அவள் துணியை அவனிடம் கொடுக்கவில்லை. நான்காக மடித்தாள்.

"போன வருஷம் ஆஸ்பத்திரில இவன் சட்டயக் கீழருந்து கழுத்து வரைக்கும் வெட்டினாங்க," என்றாள், சுவரில் இருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டே. "வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு என் கைல குடுத்துட்டு, வெளிய உக்காருங்கன்னாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக எனக்கு அது மட்டும்தான் மிஞ்சும்னு நெனச்சு உக்காந்திருந்தேன்."

மடித்த துணியைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்து, மேலே பட்டனையும் போட்டாள். வென்டல் கையில் சுத்தியலோடு நின்றான். அவன் வாயடைத்து நிற்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒட்டோவுக்கும்தான். அவர் பாலாடைக்கட்டி மேல் பழியைப் போட்டார்.

ஆர்லிஸ் மறுபடி மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள்.

"நாளைக்கு எந்த மரம்?" என்றாள், முதுகைக் காட்டியபடியே.

அவள் பக்கத்தில் போய்க் காதில் சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த அத்தனை பேரும் வில் வைத்திருப்பவர்கள், சுத்தியலோடு நின்றவன் உட்பட. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"ஓடைக்கு மேல ஓக் மரம். அதே மரம்தான்."